மழைப்பாட்டு வேண்டாம்

அன்பு மனைவி உம்மு நவ்ஃபலுக்கு,

இறைவன் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அங்கே ஊரில் நம் கோதுமைக்கு இன்னும் மழையில்லை என்று எழுதியிருந்தாய். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு எல்லைக்கு இந்தப் பக்கம், பெக்கா பள்ளத்தாக்கின் அகதி முகாமில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருவதுதானே வேலை! ஊரில் மழை கேட்டுத் தெருத்தெருவாகப் பாடுவோமே, அந்தப் பாட்டை உனக்காக நேற்று ஆரம்பித்தேன். ஒரு பிள்ளையும் கூடப் பாடவில்லை. ஷஹத் என்ற வாண்டு எழுந்துவந்து என் வாயைப் பொத்தினாள்.

"மழையக் கூப்பிடாதீங்க உஸ்தாத்! போன தடவை வந்தப்ப எங்க கூடாரத்துக்குள்ள பூந்துடுச்சு. தம்பிய இழுத்துட்டுப் போயிடுச்சு."

"சரிடி கண்ணு, கூப்பிடல" என்றேன். பிறகு திராட்சை பறிக்கும் பாட்டைப் பாடினோம். நன்றாகவே பாடுகிறார்கள், கவலைப்படாதே.

என் பழைய கம்பளிக் காலுறையை யாரிடமாவது கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம், நீ ஒட்டுப்போட்டதே போதும்.

மேற்கே கறுத்துவிட்டது. கூடாரக் கயிறுகளை இழுத்துக் கட்டப் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். இந்த மேகம் நம் வயலையும் எட்டினால் நீ சந்தோஷப்படு. இங்கே என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டு எழுதாதே.

உன்
அபூ நவ்ஃபல்