வராதவரின் கால்

6-11-1968

காலில் அடிபட்டு எங்கள் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் ஆறு மாதம் கழித்து எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்து எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இன்று நாலு பேர் வந்தார்கள். வலி இருக்கிறதா என்று கேட்டால், "உங்க புண்ணியத்துல ஒண்ணும் இல்ல டாக்டரம்மா" என்று நாலு பேரும் கும்பிட்டார்கள். ஒருவர் நொண்டிக்கொண்டே வந்து கும்பிட்டார்! டாக்டர் மனசு நோகக் கூடாதாம். இதை வைத்து நான் என்னத்தை எழுத?

19-11-1968

நல்ல மழை. கூட்டமே இல்லை. சூடாக மசால் வடை, டீ.

4-12-1968

இன்று ராஜவேலு வர வேண்டிய நாள். வரவில்லை.

கருட சேவைக் கூட்டத்தில் மாட்டுவண்டிச் சக்கரம் வலது பாதத்தில் ஏறிய நெசவாளி. பாதி பாதத்தை எடுத்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். தறியில் மிதிகட்டையை மிதிக்கிற கால், எடுக்கக் கூடாது என்று மல்லுக்கு நின்றவள் நான். மறுபடி சீழ் பிடித்திருக்குமோ?

18-12-1968

இன்றும் வரவில்லை. "வராதவங்களை எல்லாம் குணமாகலைன்னு எழுதிடும்மா" என்கிறார் பெரிய டாக்டர். கை வரவில்லை. ஐயோ, அன்னிக்கே எடுத்திருக்கணுமோ? என் பிடிவாதத்தால அந்த மனுஷன் படுத்துக் கிடக்கிறாரோ?

9-1-1969

பொறுக்க முடியாமல் பிள்ளையார்பாளையத்தில் ராஜவேலு வீட்டுக்கே போய்விட்டேன். அவர் மனைவி எல்லம்மாள் வாசலில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏன் அவர் வரவில்லை என்றேன்.

"எங்கம்மா வர்றது? தை மாசத்து முகூர்த்தப் பொடவைங்க. தறிக்குழிய உட்டு எழுந்தாத்தானே!"

உள்ளே தறிக்கு அடியில் வெட்டிய குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்! எழுந்து கும்பிடப் போனவரை அதட்டி உட்கார வைத்தேன். பாதத்தைப் பிடித்துப் பார்த்தேன். புண் நன்றாக ஆறியிருக்கிறது. இரண்டு விரல் மட்டும் மடங்கவில்லை. வலிக்கிறதா என்றேன்.

"உங்க புண்ணியத்துல..."

"பொய்யி டாக்டரம்மா! பொழுது சாஞ்சா வெந்நி கொண்டா, எண்ண கொண்டான்னு என் உசுர வாங்கிக்கினு இருக்குறாரு" என்றாள் எல்லம்மாள்.

அவர் அசடு வழிந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை நாளில் கிடைத்த முதல் உண்மையான பதில். மாலையில் வலி உண்டு என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். இனி வராதவர்கள் வீட்டுக்கெல்லாம் நானே போகப்போகிறேன். பெரிய டாக்டர் என்ன சொன்னாலும் சரி.

வாசலில் செருப்பை மாட்டுவதற்குள் உள்ளே தறி ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டு மிதிகட்டையும், மாறி மாறி.