ஹெம்லாக் பெண்ட் ஆலைச் சங்கு

ஐடஹோ, ஆகஸ்ட் 12, 1956

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சௌக்கியம். நேற்று ஹெம்லாக் பெண்ட் என்ற, ஆளில்லாமல் போன ஊரில் காடு அளக்கும்போது, பாழடைந்த மர ஆலையின் குளத்தில் வழுக்கி விழுந்தேன். சேறு அப்பியதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை.

கரையில் பெர்ரி பறித்துக்கொண்டிருந்த ஐலி கொர்ப்பெலா என்ற அம்மாள் சிரித்துவிட்டார். அந்த ஊரிலேயே பிறந்தவராம். "பயப்படாதப்பா, இந்தக் குளம் யாரையும் சாகவிட்டதில்ல. ஊரே இதுக்குள்ள நின்னுதான் பொழச்சுது."

நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் காட்டுத்தீ வந்தபோது அவருக்கு ஒன்பது வயதாம். பெண்களும் பிள்ளைகளும் கழுத்தளவு நீரில் நின்றார்கள். மரம் வெட்டப் போன முப்பத்தேழு பேர் புகைக்குள் திசை தெரியாமல் சிக்கிக்கொண்டார்கள்.

"எங்கப்பாவும் உள்ளதான் இருந்தாரு. பாய்லர்காரர் மட்டும் ஆலைய விட்டு நகரல. சங்குக் கயித்த இழுத்துக்கிட்டே இருந்தாரு. கூரை பத்திக்கிச்சு, அப்பவும் விடல. அந்தச் சத்தம் வந்த பக்கமா நடந்துதான் முப்பத்தேழு பேரும் வந்து சேர்ந்தாங்க. அப்புறந்தான் அவர் தண்ணியில குதிச்சாரு."

வெட்ட மரமில்லாமல் ஊர் கலைந்துபோனது. இன்று வீடுகள் இருந்த இடமெல்லாம் அண்ணாந்து பார்க்க வேண்டிய மரங்கள்.

"அவர் பேர் என்ன?" என்றேன்.

"ஓர்வில் டென்ஸ்டெட்."

அம்மா, அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். உங்கள் அப்பா! இந்த ஊரின் பெயரைக்கூட அவர் நம்மிடம் சொன்னதில்லையே. அவருக்கு ஏன் காது கேட்காது என்று நாமும் கேட்டதில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். இங்கே பேச்சுத்துணை இல்லை, கொஞ்சம் நீளமாக எழுதுங்கள். தாத்தாவின் படத்தையும் வையுங்கள். ஐலி அம்மாளுக்கு அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம்.

தபால் வண்டி கிளம்பப்போகிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்,
வெர்னன்