எவர்சில்வர் தம்ளரில் காப்பி கொடுத்த பால்வாடி

என் எஸ்தர் அக்காவுக்கு,

நீ போய் இரண்டு கிறிஸ்துமஸ் கடந்துவிட்டது. உயிரோடு இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. கும்மிடிப்பூண்டியில் என் வீட்டுக்கும் கவரைப்பேட்டையில் உன் வீட்டுக்கும் ரயிலில் ஒரே ஸ்டேஷன் தூரம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நீ வருவாய், இல்லாவிட்டால் நான் வந்துவிடுவேன். எழுத என்ன இருந்தது? இப்போது இருக்கிறது. நேரில் சொல்ல வாய் வராததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

முதலில் ஊர் சமாசாரம். தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று ரோட்டுக்கு மேற்கே சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறார்கள். ரைஸ் மில் அப்படியேதான் இருக்கிறது. விடியற்காலையில் பெண்கள் போய் நெல் அவிக்கிறார்கள், களத்தில் கொட்டிக் காலால் துழாவுகிறார்கள். அவர்களில் ஒருத்தியான முனியம்மாவின் மகள் செல்வியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. இடது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறாள். நீ முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மகமைக் குழுவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வட்டாரத்து மண்டிக்காரர்களும் மில்காரர்களும் மூட்டைக்குக் கொஞ்சம் என்று எடுத்துப் பொதுவில் போடுவது மகமை. முன்பு அது திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு, நம் பக்கத்தில் நல்ல காரியம் செய்கிற சின்னச் சங்கங்களுக்கு வருஷம் ஒருமுறை கொடுப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். ஆரணியில் ஒரு இராப்பள்ளி, மீஞ்சூரில் தையல் வகுப்பு, இப்படி. மனு போட்டால் குழு நேரில் வந்து பார்க்கும். பார்த்த பிறகு கூடிப் பேசி முடிவு செய்யும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டுமென்று டீச்சரான என்னையும் குழுவில் போட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

உன்னை மனு போடச் சொன்னவளே நான்தான். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், மில் பெண்களின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீ நடத்திய பால்வாடிக்கு எதுதான் இருந்தது? மழை வந்தால் ஒரு பக்கம் முழுக்க ஒழுகும். தட்டு போதாமல் பாதிப் பிள்ளைகள் கஞ்சி குடித்து முடிக்கும்வரை மீதிப் பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கும். குழு ஒரு தடவை வந்து பார்த்தால் போதும், உடனே கொடுத்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

குழு வரும் நாள் தெரிந்ததும் நீ என்ன செய்தாய்? தரையைச் சாணம் போட்டு மெழுகினாய். சர்ச் பாய்களைக் கொண்டுவந்து விரித்தாய். பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பண்டிகைக்கு எடுத்த துணியைப் போட்டு வரிசையாக உட்கார வைத்தாய். அதற்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்து, என் கல்யாணத்துக்கு வந்த ஆறு எவர்சில்வர் தம்ளர்களையும் கேட்டாய்.

"எதுக்கு அக்கா இதெல்லாம்?" என்றேன்.

"வர்றவங்களாண்ட ஊட்டு ஓட்டையத் தொறந்தா காட்டுவாங்க? இன்னா பேசற நீ! நம்ம புள்ளைங்களப் பாத்து எவனும் உச்சுக் கொட்டக் கூடாது."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. விருந்தாளி வந்தால் அரிசிப் பானையைத் திறந்து காட்டுகிற வழக்கம் நம் யார் வீட்டிலும் கிடையாதே. தம்ளர்களைத் துணியில் சுற்றி நானே உன் கையில் கொடுத்தேன்.

குழுத் தலைவரை உனக்கு நினைவிருக்கும், மண்டிக்காரர், எல்லாரும் நைனா என்று கூப்பிடுகிற பெரியவர். நல்ல மனிதர். உன் காப்பியை ரசித்துக் குடித்தார், பிள்ளைகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு கூட்டத்தில் சொன்னார்: "அந்தம்மா ராஜாத்தி மாதிரி நடத்துது. நம்ம டப்பு அங்க எதுக்கு? இல்லாதவங்களுக்குக் குடுக்கலாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த வருஷப் பணம் ஒரு படிப்பகத்துக்குப் போயிற்று. அங்கே பெஞ்சு உடைந்து கிடந்தது, நாங்கள் வருவது தெரிந்தும் யாரும் பெருக்கக்கூட இல்லை. அதைப் பார்த்து எல்லாருக்கும் பரிதாபம் வந்துவிட்டது.

நானும் அங்கேதான் இருந்தேன் அக்கா. முடிவை நோட்டில் எழுதியது என் கை. எல்லாமே இரவல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அது மட்டும்தானா? அந்த நாடகத்தில் எனக்கும் பங்கு உண்டென்று தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற பயமும் இருந்தது. எது அதிகம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் வந்து, கேட்டவர்கள் அதிகம் அக்கா, இந்த வருஷம் முடியவில்லை என்று சொன்னேன். "போவுது உடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று நீ எனக்கே ஆறுதல் சொன்னாய்.

அந்த ஐப்பசி மழையில் கொட்டகையின் ஒரு பக்கம் விழுந்தது. நீ பால்வாடியை மூடினாய். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனார்கள். அவித்துக் கொட்டிய சூட்டு நெல்லில் செல்வி கால் வைத்தாள். மூன்று வயசுப் பிள்ளை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நீ. "நான் மூடாம இருந்திருந்தா" என்று எத்தனை தடவை சொன்னாய்! காமாலையில் படுத்து வாய் குழறியபோதும் "செல்வி நல்லா நடக்கறாளா?" என்றுதான் கேட்டாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்குமா? என்னை வெளியே போகச் சொல்லியிருப்பாயா?

இந்த வருஷம் குழுவில் நான் ஒரு காரியம் செய்தேன். மில் பெண்களில் ஒருத்தியையும் குழுவில் சேர்க்க வேண்டும் என்று நின்றேன். "நெல்லு அவிக்கறவ இங்க வந்து இன்னாம்மா பண்ணுவா?" என்றார் நைனா. மகமை எடுக்கிற நெல்லே அவள் அவித்ததுதானே என்றேன். சிரித்துவிட்டுச் சரி என்றார். முனியம்மா வந்தாள்.

முதலில் மீஞ்சூர் தையல் வகுப்பைப் பார்க்கப் போனோம். வாசலில் கோலம், ஜன்னலில் புதுத் துணி, எங்களுக்கு நாற்காலி, பிஸ்கட். நைனா உட்கார்ந்துவிட்டார். முனியம்மா உட்காரவில்லை. "வாசல்ல இன்னா பாத்துகினு இருக்கீங்க? பின்னாடி வாங்க" என்று உள்ளே போய்விட்டாள். அங்கே இருந்த மூன்று தையல் மெஷினில் இரண்டைத் தொட்டு, "இது யார் ஊட்டு மிசினு?" என்றாள். அந்தப் பெண்கள் முழித்தார்கள். "சும்மா சொல்லுங்கடி, நாங்களும் இப்பிடித்தான் பண்ணோம்" என்றாள். ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். இரண்டும் இரவல்தான். இந்த வருஷப் பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு என்று அங்கேயே முடிவாயிற்று. யாருடைய மானமும் போகவில்லை அக்கா. நான் அத்தனை பயந்து காப்பாற்றியது எதை?

திரும்பும்போது ரயிலில் முனியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பொன்னேரி தாண்டியதும் கேட்டாள்: "டீச்சரம்மா, எஸ்தரம்மா பால்வாடிக்கு வந்தப்ப அல்லாமே இரவல்னு உங்களுக்குக்கூடவா தெரில?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"தெரியும்" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. செல்வியின் பெயரைக்கூட எடுக்கவில்லை. கவரைப்பேட்டையில் இறங்கிப் போய்விட்டாள். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வருகிறாள், எல்லாரிடமும் பேசுகிறாள், என்னிடம் பேசுவதில்லை.

பால்வாடியை மறுபடி திறக்க வேண்டுமென்று மில் பெண்கள் மனு போட்டிருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை கூட்டம். அன்று நான் மறைத்ததை எல்லார் முன்னாலும், முனியம்மா கேட்க, என் வாயால் சொல்வேன். பால்வாடி மூடியது உன்னால் அல்ல என்றும் சொல்வேன். சொல்லிவிட்டுக் குழுவை விட்டு விலகிவிடுவேன். பால்வாடி திறந்ததும், பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு, அக்கா. அந்த லீவு நாட்களில் முனியம்மா செல்வியை என் கையில் விடுவாளா என்பதுதான் தெரியவில்லை.

இன்னமும் உன்னை அக்கா என்று கூப்பிடலாமா என்று கேட்டு நிற்கும் தங்கை,
சரோஜா