பத்து நாள் தண்ணீர்

ஜூன் 9
பண்ணைக்குட்டை வெட்டி முடிந்தது. கால் பங்கு நிலம் அதற்கே போயிற்று. மழை இப்போதெல்லாம் ஒரே நாளில் கொட்டிவிட்டு ஒரு மாதம் தலைகாட்டுவதில்லை. பிடித்து வைத்தால்தான் உண்டு. வரப்பில் நின்று அண்ணன் சிரித்தான். சிரிக்கட்டும். போன வருஷப் பெருமழையில் தன் பயிரைக் காப்பாற்ற நடுவரப்பை வெட்டி, தண்ணீரை என் வயலுக்குள் திருப்பிவிட்டவன். மூன்றே நாளில் என் மக்காச்சோளம் வேரோடு அழுகியது. கேட்டதற்கு, "உன் நிலம் பள்ளம். நான் என்ன பண்றது?" என்றான்.

மறக்கமாட்டேன்.

ஜூலை 2
இருவரும் மக்காச்சோளம்தான் விதைத்தோம். நான் மேட்டுப்பாத்தி எடுத்து, ஈரம் காக்க வைக்கோல் பரப்பினேன். அவன் அப்பா செய்த மாதிரியே.

ஆகஸ்ட் 11
இருபத்து மூன்று நாளாக மழை இல்லை. அவன் கிணறு வற்றிவிட்டது. எனக்கு என்ன ஒரு நிம்மதி! எழுதக் கூசுகிறது. ஆனாலும் நிம்மதிதான்.

ஆகஸ்ட் 24
பயிர் பூக்கத் தொடங்கிவிட்டது. இந்தப் பத்து நாள் காய்ந்தால் கதிரில் மணி பிடிக்காது. அண்ணி வந்தாள். "அவரு கேக்கமாட்டாரு. நான் கேக்கறேன். ரெண்டு தடவ பாய்ச்சினா போதும்."

எனக்கே போதுமா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். போதும். இருவருக்குமே போதும். காலையில்தான் குட்டையில் கம்பு விட்டு அளந்திருந்தேன்.

ஆகஸ்ட் 30
அவன் வயலில் இலையெல்லாம் குழல் மாதிரி சுருண்டுவிட்டது. தினமும் போய்ப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 5
தண்ணீர் விட்டேன். எல்லாரும் பார்க்க, குழாயை நானே இழுத்துப் போய்ப் போட்டேன். கூடப்பிறந்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பால்காரர் சொன்னாராம். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் வாய்க்காலைச் சரிசெய்தான். பூக்கும் பருவம் முடிந்த பிறகு வந்த தண்ணீர் எதற்கு என்று அவனுக்குத் தெரியும். கேட்க வாயில்லை. வயிறு குளிர்ந்தது.

அக்டோபர் 20
அறுவடை. எனக்குக் கதிர் நிறைய மணி. அவனுக்கு வெறும் கட்டை. அண்ணி ஒரு கதிரை உரித்து என் கையில் வைத்தாள். பொக்கை வாய் மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி.

"அவரு பண்ணினதுக்கு அவர்கிட்ட சண்ட போட்டிருக்கலாம். கேட்டு வந்தது நானில்லையா?"

கோபமே இல்லாமல் சொன்னாள்.

அக்டோபர் 29
அண்ணி கூலி வேலைக்குப் போகிறாள். பஸ்ஸுக்கு என் வயல் வழியாகப் போனால் ஐந்து நிமிஷம். சாலையைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.