நான் வாங்காத கடித உறை

அக்கா,

உங்கள் மகள் நேற்று ஒரு பை கொண்டுவந்து தந்தாள். "அம்மாவின்ர கந்தோர் மேசையிலை கிடந்ததாம் அன்ரி. எனக்குத் திறக்க மனமில்லை" என்றாள். உள்ளே உங்கள் மூக்குக்கண்ணாடி, கைக்குப் பூசும் கிறீம், தாள் புரட்ட விரலில் மாட்டும் அந்தச் சிவப்பு ரப்பர் தொப்பி. அதை முகர்ந்து பார்த்தேன். உங்கள் கை மணந்தது. குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் என் மனுசன் விபத்தில் செத்த பிறகு நான் ஒஸ்லோவுக்கு வந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மோர்டென்ஸ்ருட்டில் கீழ்வீட்டில் இருந்த நீங்கள்தான், நீங்கள் கணக்கு எழுதும் சட்டத்தரணிக் கந்தோரில் எனக்குக் கூட்டித் துடைக்கிற வேலை எடுத்துத் தந்தீர்கள். மனுசனுக்கு வர வேண்டிய நட்டஈட்டு வழக்கையும் அந்தக் கந்தோரே எடுத்தது.

பின்னேரம் நான் வாளியோடு வரும்போது நீங்கள் அந்த ரப்பர் தொப்பியோடு இரண்டு புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பீர்கள். "ஏனக்கா ரெண்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது கந்தோரின்ர காசு. வாடகை, சம்பளம் எல்லாம் இதிலை. மற்றது ஆக்களின்ர காசு. வீடு வாங்கிறவை, சொத்துப் பிரிக்கிறவை எங்களை நம்பித் தந்து வைச்சது. கிளியென்ட்கொன்டோ எண்டு சொல்லுவினம். வட்டி வந்தாலும் அவையளுக்குத்தான்."

அந்த இரண்டாவது புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் வைத்திருந்தீர்கள். மாதக் கடைசியில் வங்கித் தாள், புத்தகம், எல்லாப் பக்கத்தினதும் கூட்டுத்தொகை மூன்றும் ஒன்றாய் வராவிட்டால் வீட்டுக்குப் போகமாட்டீர்கள். "எங்கட சீட்டு மாதிரித்தான்" என்று நான் சிரித்தேன்.

"இல்லைப் பிள்ளை. சீட்டிலை ஒராளுக்கு அந்தரமெண்டா மற்றவளின்ர முறையை எடுத்துக் குடுப்பம். இதிலை அது ஏலாது. ஒராளின்ர பக்கத்திலை இல்லாததைக் குடுத்தா, அது இன்னொராளின்ர காசு."

நான் அதைக் காதில் போடவில்லை. எங்கள் சீட்டில் பன்னிரண்டு பெண்கள். ஒருத்தியின் தகப்பன் ஊரில் செத்தபோது வேறொருத்தியின் முறையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் அவளுக்குச் சொன்னோம். அவளும் "அதுக்கென்ன" என்றாள். காசென்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு ஊரில் சமாதானம் முறிந்து மறுபடி சண்டை தொடங்கியது. கொழும்பு லொட்ஜில் வைத்து என் தம்பியைப் பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளியே எடுக்கக் காசு வேண்டும், உடனே வேண்டும் என்று மச்சாள் ரெலிபோனில் அழுதாள். ஊருக்குக் காசு மாற்றும் உண்டியல்காரரிடம் இங்கே கொடுத்தால் அன்றைக்கே அங்கே கைக்குப் போய்விடும். மனுசனின் நட்டஈட்டை அந்த வாரம்தான் இன்சூரன்ஸ்காரர் கந்தோருக்கு அனுப்பியிருந்தார்கள். ஆனால் நான்தான் அவருடைய மனைவி என்பதற்குக் கலியாணப் பதிவு வேண்டும் என்று நிபந்தனை. நாங்கள் கைப்பிடித்த தீவுக் கோயிலில் சனமே இல்லை. ஆயர் இல்லத்தில் இருந்து கடிதம் வர வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை. உங்கள் மேசைக்கு முன்னால் வாளியை வைத்துவிட்டு நின்றேன்.

"அக்கா, கடிதம் எப்படியும் ரெண்டு நாளிலை வந்திடும். காசை இண்டைக்கே தந்து விடுங்கோ. ரெண்டு நாளைக்குத்தானே. உங்கட கையாலைதானே அனுப்பிறியள்."

நீங்கள் ரப்பர் தொப்பியைக் கழற்றினீர்கள். "அது உனக்கு வரப்போற காசுதான். ஆனா இண்டைக்கு அது உன்ர காசில்லை, பிள்ளை."

"என்ர மனுசன் செத்த காசு!"

"ஓம். அதாலைதான் கடிதம் வரமுதல் தொடமாட்டன்."

என் வாயில் வந்ததைச் சொன்னேன். நீங்கள் நோர்வேக்காரியாய்ப் போட்டியள், உங்கட தம்பி எண்டா இப்பிடி இருப்பியளோ என்றேன். கைப்பைக்குள் இருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினீர்கள். "ஏழாயிரம் குறோனர் இருக்கு. என்ர சம்பளம். இதைக் கொண்டுபோய்க் குடு, முதல் அவன்களின்ர கை ஓயட்டும்." நான் வாங்கவில்லை அக்கா. ரோசம். வாளியைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போனேன்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. சாப்பாட்டுக்கும் எழும்பாமல், பெரிய சட்டத்தரணியின் கையெழுத்தைப் பின்னாலே ஓடி வாங்கி, ஒரு மணித்தியாலத்துக்குள் என் கணக்குக்குக் காசைப் போட்டீர்கள். தம்பி வெளியே வந்தான். வலது காது கேளாமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அடித்ததாம்.

அவனுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "என்ர காசு அங்கை கிடந்தது. கந்தோரிலை இருந்த எங்கட மனுசி ஒண்டு தர மாட்டன் எண்டிட்டா" என்றேன். கடித உறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அடுத்த மாரிகாலம் ஒரு பின்னேரம் கந்தோருக்குள் நடையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். உங்கள் அறைக்குள் பெரிய சட்டத்தரணியின் குரல். கந்தோருக்குக் காசு முட்டுப்பட்டிருந்தது, சம்பளம் போடப் போதவில்லை. ஆக்களின் காசில் இருந்து கொஞ்சம் மாற்றச் சொன்னார். "பாரெ தூ டாகெர்" என்றார். இரண்டு நாளைக்குத்தான். நான் கேட்ட அதே கேள்வி. நீங்கள் எனக்குச் சொன்ன அதே மறுமொழியை நோர்வே மொழியில் சொன்னீர்கள். குரல்கூட உயரவில்லை. அவர் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். ஒரு மாதம் உங்களோடு கதைக்கவில்லை. வருடக் கடைசியில் கணக்குப் பார்க்க வந்தவர்கள் ஒரு குறோனர் பிழை காணவில்லை.

எனக்காக ஒருநாள் அந்தப் பக்கத்தைத் தொட்டிருந்தால், அவருக்கு எந்த வாயால் இல்லை என்று சொல்லியிருப்பீர்கள்? அப்போது எனக்கு விளங்கியது. ஆனால் விளங்கியதை உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் தோடம்பழம் உரித்துத் தந்துவிட்டு வந்தேன். "தம்பி எப்பிடி?" என்று கேட்டீர்கள். "சுகம்" என்றேன்.

உங்கள் முப்பத்தொன்றாம் நாள் நினைவுக்குச் சீட்டுப் பெண்கள் சேர்த்த காசு இப்போது என்னிடம் இருக்கிறது. வீட்டுக் காசோடு கலக்காமல் தனி உறையில் வைத்து, மேலே பெயர்களை எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழை இருக்கும், ஏசாதேயுங்கோ.

இன்று காலை தம்பி நீர்கொழும்பில் இருந்து ரெலிபோன் எடுத்தான். வள்ளம் ஒன்று விலைக்கு வந்திருக்கு, முற்பணம் கட்டாவிட்டால் இன்னொருத்தன் எடுத்துவிடுவான். "உன்னட்டை ஆரோ ஒராளின்ர முப்பத்தொண்டுக் காசு இருக்காமெல்லே. எனக்கு வெள்ளிக்கிழமை சீட்டு விழும் அக்கா. ரெண்டு நாளைக்குத்தானே."

ரப்பர் தொப்பி மேசையில் கிடந்தது.

"அது என்ர காசில்லையடா. என்ர சம்பளத்திலை கொஞ்சம் இருக்கு. அதை அனுப்பிறன்."

"அண்டைக்கு உன்ர காசைத் தராத அந்த மனுசி மாதிரியெல்லே கதைக்கிறாய்" என்று சிரித்தான். நீங்கள்தான் அந்த மனுசி என்றோ, அந்தக் காசு உங்களுக்குத்தான் என்றோ அவனுக்குத் தெரியாது.

"தம்பி, ரெலிபோனை இடப்பக்கக் காதிலை வை. ஒண்டு சொல்லோணும்" என்றேன். வியாழக்கிழமையைச் சொன்னேன். ஏழாயிரத்தைச் சொன்னேன். நீட்டினதையும், நான் வாங்காததையும் சொன்னேன்.

அவன் பக்கத்தில் கடற்கரைச் சத்தம்தான் கேட்டபடி இருந்தது. சரியாய்க் கேட்டானோ, காது விளங்காமல் நின்றானோ தெரியவில்லை. வாங்கவில்லை என்ற இடத்தில் இருந்து மறுபடியும் சொன்னேன் அக்கா, இன்னும் கொஞ்சம் உரத்து.