டம்ளரை மூடும் கை

பங்காளி,

கோயம்புத்தூரில் மகள் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஐந்தாவது மாடி. காலையில் அவள் காப்பி கொண்டுவந்து வைத்ததும் என் கை தானாகப் போய் டம்ளரை மூடிக்கொண்டது. "இங்க ஈ இல்லீங்கப்பா, கைய எடுங்க" என்று சிரித்தாள். எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. நல்லபடியாக அல்ல.

செத்தவனை ஏன் திட்டுகிறீர்கள் என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். இருந்தபோது சொன்னதையே நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது திட்டினால் உனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

உன் காட்டுக்கும் என் காட்டுக்கும் நடுவே ஒரே வரப்பு. இரண்டு பக்கமும் நிலக்கடலையும் சோளமும். பொய் சொல்ல மாட்டேன், அந்தக் காடு நம் இருவரையும் அரைவயிறாகத்தான் வளர்த்தது. "மானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கறதுக்குக் கோழிய நம்பலாம் பங்காளி. அது தெனமும் முட்ட வெக்கும்" என்றாய். அதில் தப்பில்லை. கோழிக்கொட்டகையை என் வீட்டுக்கு நேர் மேற்கே கொண்டுவந்து போட்டாயே, அதுதான் தப்பு. ஆடிக்காற்று உன் கொட்டகையில் நுழைந்தால் நாற்றத்தோடும் ஈயோடும் என் சமையலறையில்தான் வெளியே வரும் என்று உனக்குத் தெரியாதா?

ஒரு கொட்டகை வரிசையாகப் பெருகியது. என் காட்டில் களையெடுத்த பெண்கள் உன்னிடம் முட்டை எடுக்கப் போனார்கள். தலைக்கு மேல் நிழல், வாரம் தவறாத சம்பளம்; அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிறகு அவர்களையும் நிறுத்திவிட்டு வடக்கே இருந்து குடும்பம் குடும்பமாக ஆள் இறக்கினாய். அவர்களுடைய குழந்தைகள் கொட்டகை ஓரத்து அறையில் ஈக்களோடு தூங்கின. நீ மட்டும் நாமக்கல்லில் பங்களா கட்டிக்கொண்டு போய்விட்டாய்.

புதுவீடு புகுந்த அன்று உன் கூடத்தில் உட்கார்ந்து நான் டம்ளரை மூடினேன். எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தாய். "கைய எடு பங்காளி, இங்க ஏது ஈ?" அதைச் சொல்ல உனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ.

அதைக்கூட மன்னித்திருப்பேன். என் மகளைப் பெண் பார்க்க வெண்ணந்தூரிலிருந்து வந்தார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமையை மன்னிக்க முடியவில்லை. கூண்டுக்கு அடியில் குவிந்து கிடக்கும் எருவைக் கிளறாதவரை ஈ ஓரளவு அடங்கியிருக்கும். அள்ளத் தொடங்கினால் ஊரையே மூடும். அதனால்தான் முன்கூட்டியே உன் வீடு தேடி வந்து, அன்றைக்கு மட்டும் எரு அள்ள வேண்டாம் என்று கேட்டேன். "அவ எம் புள்ள இல்லியா? தைரியமாப் போ" என்றாய். ஞாயிறு காலையில் உன் கொட்டகை வாசலில் எரு லாரி நின்றது. போன் போட்டால், "வேலூர்க்காரன் வாழைக்கு எரு வேணும்னு வண்டியோட வந்துட்டான், திருப்பி அனுப்ப முடியுமா?" என்று என்னையே கேட்டாய்.

கேசரித் தட்டு கறுத்துப்போனது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியபடி எழுந்தாள். "பொண்ணு தங்கமான பொண்ணுங்க. ஆனா நாளைக்கு எங்க பேரன் பேத்தி இந்த ஊட்லதான வந்து தங்கோணும்?" என் மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது. ஆனால் அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. ஊருக்குக் காலையில் வருவாள், பொழுது சாயும் முன் கிளம்பிவிடுவாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வராத பெண் நம் வகையறாவில் அவள் ஒருத்திதான். என் வீட்டுக்காரி துணிமணியோடு இங்கே வந்து கூட இருந்து பார்த்துவிட்டுப் போனாள். நான் ஊரில் தனியாக உட்கார்ந்து உன் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் உன் உடலையும் கொட்டகை ஓரத்துக் காட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். குளிர்பெட்டியில் இருந்தவரை ஒன்றுமில்லை. குளிப்பாட்ட வெளியே எடுத்ததும் ஈக்கள் வந்து உன் முகத்தில் உட்கார்ந்தன. உன் மகன்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். நான் தோளிலிருந்த துண்டை எடுத்து வீசினேன். உன்னைத் தூக்கும்வரை வீசிக்கொண்டே இருந்தேன். என்ன இருந்தாலும் பங்காளி பாசம் என்று ஊர் பேசியது. பாசமெல்லாம் இல்லை, ஆத்திரம். என் மகளின் தட்டைத்தான் காப்பாற்ற முடியவில்லை, உன் முகத்தையாவது அவற்றுக்கு விடக் கூடாது என்று வீசினேன். அழுகையும் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இன்று காலை அந்தக் காப்பியைக் கையில் எடுக்காமலே மகளிடம் கேட்டேன். "மாரியம்மன் நோம்பிக்குப் பாப்பாவக் கூட்டிக்கிட்டு வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போறயா சாமி?"

எதிரே என் பேத்தி, என்னைப் பார்த்துவிட்டு, தன் பால் டம்ளரை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் குனிந்து அந்தக் கைகளை மெல்ல எடுத்துவிட்டாள்.

"சாமி, மூடறதெல்லாம் தாத்தா ஊர்லதான். நமக்கு வேண்டாம்" என்று குழந்தையிடம் சொன்னாள்.

என் கை டம்ளர் மேலேயே இருந்தது.