பஞ்சைக் கடித்திருந்த அரை மணி நேரம்

மார்ச் 9, ஞாயிறு

முன்பல்லுக்குப் போட்டிருந்த உறை வியாழனன்று கழன்று விழுந்தது; கடைப் பசையால் நானே ஒட்டிக்கொண்டேன். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு என் மகன் முரளி வீடியோவில் கூப்பிடுவான். பல் போன வாயை அவன் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். இன்று காலை உறை இட்லியோடு வந்துவிட்டது. மாலையில் சங்ககிரிக்குப் போய்ப் பல் டாக்டரைப் பார்த்தேன்.

டாக்டர் சின்னப் பெண். "ஏனுங்கம்மா, செருப்பு ஒட்டற பசைங்களா இது?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உறையை மறுபடி ஒட்ட அவள் பல் சிமெண்டைக் குழைத்தபோது, உங்கள் சிமெண்ட் மட்டும் எப்படி நிற்கும் என்று கேட்டேன்.

"உங்க பசை மேலால காஞ்சு நிக்குதுங்க. இதுல இருக்கற அமிலம் பல்லோட கால்சியத்தையே போய்ப் புடிச்சுக்குமுங்க. இறுகறதுக்குள்ள எச்சில் பட்டாத்தான் கெட்டுப்போகும். பஞ்சைக் கடிச்சுட்டே இருங்க. அரை மணி நேரம் வாயத் தொறக்காதீங்க. ஊட்டுல இருக்கறவங்ககிட்டச் சொல்லிருங்க."

வீட்டில் நான் மட்டும்தான் என்று சொல்லவில்லை. தலையாட்டினேன்.

திரும்பும் வழியில், ஆட்டோவிலேயே போன் அடித்தது. முரளிதான், ஒரு மணி நேரம் முன்னதாக. எடுத்து முகத்தையாவது காட்டியிருக்கலாம். பஞ்சு துருத்திய வாயோடு நான் யார் முன்னாலும் நின்றதில்லை. அடித்து ஓய்ந்தது.

வீட்டுக்கு வந்து, அரை மணி ஆனதும் பஞ்சை எடுத்து, தலை வாரி, விளக்கடியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். அவன் எடுக்கவில்லை; ஏழு மணிக்கும் கூப்பிடவில்லை. இரண்டாம் முறை கூப்பிடுவது என் வழக்கமில்லை.

மணி பத்து. பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. போனைச் சார்ஜில் போட வேண்டுமென்றால் அடுத்த அறையில் வைக்க வேண்டும். இங்கேயே வைத்திருக்கிறேன்.